கலங்கிய ஏரியில் மஸ்கி எங்கே நிற்கும்?

கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டனில் வேலை நிமித்தம் குடியேறி, இரண்டு ஆண்டுகளாகப் பாஸ் மீன் பிடித்துப் பழகிய ஒருவர், கேவ் ரன் ஏரியில் மஸ்கி என்னும் பெரிய வேட்டை மீனுக்காகப் பலமுறை தூண்டில் வீசியும் ஒன்றும் அகப்படவில்லை என்று எழுதி மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். மழைக்குப் பின் ஏரி கலங்கிக் கிடக்கும் நாளில் போவது வீண் வேலையா, எந்த லூரை (செயற்கை இரையை) வாங்கினால் மீன் விழும், படகு கிடைக்காத நாளில் அணைக்குக் கீழே கரையில் நின்று பிடிக்கலாமா என்பவை அவை. நடுக் கேள்வியையே அவர் பெரிதாக நினைக்கிறார் என்பது அவர் இணைத்திருக்கும் விலைப் பட்டியலிலிருந்து தெரிகிறது. ஆனால் மூன்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி வேறு: ஆற்றால் நிரம்பி, ஆற்றோடு ஏறி இறங்கும் ஒரு நீர்த்தேக்கத்தில், இன்றைக்கு மீன் எந்தப் பகுதியில் இருக்கும் என்பதைப் படகை இறக்கும் முன்பே ஊகிக்க முடியுமா என்பதுதான் அது. ஓரளவுக்கு முடியும் என்பதே என் பதில். அந்த ஊகத்துக்கு லூர் பெட்டியைவிட வெப்பமானியும் ஆற்றின் நீர்வரத்துக் கணக்கும் அதிகம் உதவும்.

என் எல்லையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் தொழிலால் நீரியல் பொறியாளன். ஓர் ஆறு ஏரிக்குள் நுழையும்போது அந்த நீர் எந்த ஆழத்தில், எவ்வளவு தொலைவு போகும் என்று கணக்கிடுவது என் படிப்பிலும் பிழைப்பிலும் ஒரு பகுதி. மீனியல் நான் முறையாகப் படித்ததன்று. மீனைப் பற்றி இங்கே சொல்பவை ஆய்வுக் கட்டுரைகளை வாசித்ததாலும், கிழக்குக் கென்டக்கியின் நீர்த்தேக்கங்களில் பல பருவங்களைப் படகில் கழித்ததாலும் வந்தவை. விஸ்கான்சின், மின்னசோட்டா, ஒன்டாரியோ ஆகிய வடபகுதிகளின் இயற்கை ஏரிகளுக்கு இவற்றில் பாதிகூடப் பொருந்தாது. மஸ்கி பற்றிக் கிடைக்கும் காணொளிகளில் பெரும்பாலானவை அந்த வடக்கு ஏரிகளில் எடுக்கப்பட்டவை. அங்கே தெளிந்த நீரில், நிலையான மட்டத்தில் தேறிய உத்திகளை அப்படியே இங்கே கொண்டுவருவதால்தான் புதியவர்கள் பலர் ஏமாறுகிறார்கள் என்பது என் எண்ணம்.

கேவ் ரன் என்பது லிக்கிங் ஆற்றின் குறுக்கே அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை கட்டிய அணைக்குப் பின்னால் 1970களின் முற்பகுதியில் உருவான ஏரி. கோடைகால மட்டத்தில் அதன் பரப்பு 8,270 ஏக்கர். டேனியல் பூன் தேசியக் காட்டின் மலைமடிப்புகளுக்குள் நீர் புகுந்ததால், ஏரி ஒரே பரப்பாக இல்லாமல் நீண்ட முதன்மை வாய்க்காலாகவும் பல ஓடைக் கிளைகளாகவும் பிரிந்து கிடக்கிறது. மூழ்கிய மரங்கள் பல இடங்களில் வெட்டப்படாமல் அப்படியே நிற்கின்றன. அணையின் முதன்மை நோக்கம் வெள்ளத் தடுப்பு. அதனால் இலையுதிர்காலத்தில் மட்டத்தைச் சில அடிகள் இறக்கி, குளிர்கால மழைக்கு இடம் ஒதுக்கி, வசந்தத்தில் மீண்டும் ஏற்றுகிறார்கள். மஸ்கி இந்த நீருக்குப் புதியதன்று; அணை எழும் முன்பே லிக்கிங் ஆற்றில் வாழ்ந்த மீன். ஆயினும் நீர்த்தேக்கமான பிறகு அதன் இயற்கைப் பெருக்கத்தை நம்பியிருக்க முடியவில்லை. மஸ்கி கூடு கட்டாது, முட்டையைக் காவல் காக்காது. ஆழமற்ற நீரில் சிதறவிட்டுப் போய்விடும். அடியில் கிடக்கும் அந்த முட்டையை ஆற்று வண்டல் மூடினாலும், அடிநீரில் ஆக்சிஜன் குறைந்தாலும், மட்டம் திடீரென இறங்கினாலும் அது பிழைக்காது. ஆகவே அணைக்குச் சற்றுக் கீழே உள்ள மைனர் கிளார்க் மீன் பண்ணையில் வளர்த்த குஞ்சுகளை மாநில மீன்வளத் துறை ஏரியில் விட்டுவருகிறது. கென்டக்கியின் மாநிலச் சாதனையான 47 பவுண்டு மஸ்கி 2008ஆம் ஆண்டு இந்த ஏரியில்தான் பிடிபட்டது. இவ்வளவு புகழ் இருந்தாலும், உணவுச் சங்கிலியின் உச்சியில் இருக்கும் எந்த வேட்டை மீனையும் போல மஸ்கி எண்ணிக்கையில் குறைவு. பாஸ் பிடிப்பவர் பழகிய கணக்கில் கரை நெடுக வீசிக்கொண்டே போனால், மீனே இல்லாத நீரில் நாள் முழுவதும் கழிந்துவிடும்.

இனி நீருக்கு வருகிறேன். ஆறு பெருகினால் ஏரி முழுவதும் ஒரே நாளில் கலங்கிவிடும் என்று படகுத்துறையில் நிற்பவருக்குத் தோன்றும். நடப்பது அதுவன்று. ஆற்று நீரும் ஏரி நீரும் சந்திக்கும் இடத்தில், இரண்டில் எது கனமானதோ அது கீழே போகும். நன்னீர் 4 டிகிரி செல்சியஸில் மிகுந்த அடர்த்தியோடு இருக்கும். அதற்கு மேல் சூடேற ஏற இலேசாகும். கலந்திருக்கும் வண்டல் சற்றுக் கனம் சேர்க்கும் என்றாலும், பெருவெள்ள நாட்கள் நீங்கலாக, எந்த நீர் மேலே எந்த நீர் கீழே என்பதைப் பெரும்பாலும் வெப்பநிலை வேறுபாடே முடிவு செய்கிறது. ஒரே அளவு மழை மார்ச்சில் ஒருவிதமாகவும் ஜூலையில் அதற்கு நேர்மாறாகவும் ஏரிக்குள் நடந்துகொள்வதற்குக் காரணம் இதுதான். இது ஊகமன்று, நீர்த்தேக்கங்களில் பலமுறை அளந்து நிறுவப்பட்ட இயற்பியல்.

பிப்ரவரி இறுதியிலிருந்து ஏப்ரல் வரை ஏரியின் பெருநீர் குளிர்ந்து கிடக்கும். தெற்கிலிருந்து வெதுவெதுப்பான காற்றோடு ஒரு மழை வந்தால், சிறு ஓடைகளின் நீர் ஏரி நீரைவிடச் சில டிகிரி சூடாக வந்து சேரும். அது இலேசான நீர் ஆகையால் மேலே பரவும். கலங்கலாக இருப்பதால் வெயிலை மேலடுக்கிலேயே உறிஞ்சி இன்னும் சூடேறும். அதே வாரங்களில்தான் மஸ்கி முட்டையிடுவதற்காக ஓடைக் கிளைகளின் ஆழமற்ற உட்பகுதிகளை நோக்கி நகர்கிறது. நீர் 50 முதல் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள், அதாவது ஏறத்தாழ 10 முதல் 15 டிகிரி செல்சியஸுக்குள், வரும்போது முட்டையிடல் நடக்கிறது. எனவே வசந்தத்தில் இளஞ்சூடான மழைக்கு அடுத்த ஒன்றிரண்டு நாட்களில், ஓடைக் கிளையின் உள்முனைக்குப் போவது வீண் இல்லை. அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த நாட்களுள் அதுவும் ஒன்றாக அமையக்கூடும். ஆனால் மழை குளிர்ந்ததாகவோ, பனி உருகிய நீராகவோ வந்தால் கதை மாறிவிடும். குளிர்ந்த கலங்கல் அந்த ஆழமற்ற மேட்டை நிரப்பிவிட்டால் மீன் அங்கே நிற்பதை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். கிளை வாயிலில், பழைய ஓடையின் படுகை வளைந்து செல்லும் செங்குத்துக் கரையை ஒட்டி அது பின்வாங்கியிருக்கும். ஒலி அலையால் ஆழத்தையும் மீனையும் காட்டும் படகின் சோனார் கருவியில் வரும் வெப்பநிலை எண்ணைக் கிளையின் வாயிலில் ஒருமுறையும் உள்முனையில் ஒருமுறையும் குறித்துக்கொள்ளுங்கள். உள்முனை சூடாக இருந்தால் உள்ளே, குளிர்ந்திருந்தால் வெளியே. இந்த ஒரு பழக்கம் வசந்தத்தில் வீசும் நேரத்தில் பாதியை மிச்சப்படுத்தும்.

கோடையின் தொடக்கத்தில் இதற்கு எதிரானது நடக்கும். மேல்நீர் 70களின் இறுதி ஃபாரன்ஹீட்டுக்கு ஏறியிருக்கையில், மலையிலிருந்து இடிமழையோடு இறங்கும் ஆற்று நீர் அதைவிடக் குளிர்ந்திருக்கும். ஏரியின் தலைப்பகுதியில் சிறிது தொலைவு கலங்கலாக ஓடிவந்து, ஓரிடத்தில் அது தெளிந்த நீருக்கு அடியில் மூழ்கிவிடும். மூழ்கும் அந்தக் கோட்டை நோக்கி ஏரியின் மேல்நீர் மெல்லத் திரும்பி வருவதால், சருகும் குச்சியும் நுரையும் அங்கே குறுக்கு வரிசையாகச் சேர்ந்து நிற்கும். கோட்டின் ஒரு பக்கம் செம்மண் நிறம், மறுபக்கம் பச்சை. மூழ்கிய நீர் தன் அடர்த்திக்குச் சமமான ஆழத்தை அடைந்ததும் அடிக்குப் போகாமல் நடு அடுக்காக விரிந்து, அணையை நோக்கி நகரத் தொடங்கும். கோடையில் இத்தகைய ஏரிகளின் அடியடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்துபோயிருக்கும் என்பதால், மீனும் அதன் இரையும் மேலடுக்குகளுக்குள் ஒடுங்கியிருக்கின்றன. அதற்குக் கீழே லூரை ஆழமாக இறக்குவதில் பொருளில்லை. குப்பைக் கோடு உண்டாவதும் அது எங்கே உண்டாகும் என்பதும் உறுதியாகச் சொல்லக்கூடியவை. மஸ்கி அந்தக் கோட்டின் தெளிந்த பக்கத்தில், நிழலின் ஓரத்தில் நின்று வேட்டையாடுகிறது என்பது என்னையும் என்னோடு படகில் வருபவர்களையும் போன்றோரின் அனுபவ முடிவு மட்டுமே. அதை நான் நம்பிச் செயல்படுகிறேன். அளந்து காட்டப்பட்ட உண்மையாக முன்வைக்க மாட்டேன்.

கிளம்புவதற்கு முந்திய இரவு பார்க்க வேண்டியவையும் இதிலிருந்தே வருகின்றன. ராணுவப் பொறியாளர் படையின் லூயிவில் கோட்டம் ஏரியின் அன்றாட மட்டத்தையும், வரத்தையும், வெளியேற்றத்தையும் வெளியிடுகிறது. ஏரிக்கு மேலே சாலியர்ஸ்வில் அருகே லிக்கிங் ஆற்றில் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் அளவுநிலையம் ஒன்று இருக்கிறது. விநாடிக்கு எத்தனை கன அடி ஓடுகிறது என்பதை நாள்தோறும் அதில் காணலாம். ஒரு நாளின் எண்ணைவிட, எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே எனக்கு முக்கியம். ஏறுமுகமாக இருந்தால் ஏரியின் மேற்பாதியை விட்டுவிட்டு அணைப் பக்கத்துக் கிளைகளுக்குப் போகிறேன். உச்சம் கடந்து இறங்கத் தொடங்கிய இரண்டாம் மூன்றாம் நாளில், கலங்கலின் முன்விளிம்பு எங்கே வந்து நிற்கிறது என்று தேடிப் போகிறேன். அந்த விளிம்பு அங்கேயே நிலைத்திருப்பதில்லை. காலையில் இருந்த இடத்திலிருந்து மாலைக்குள் நகர்ந்துவிடக்கூடும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

கலங்கலில் மஸ்கிக்குக் கண் தெரியுமா என்பது அடுத்து எழும் ஐயம். மஸ்கி முதன்மையாகக் கண்ணால் வேட்டையாடும் மீன். ஆனால் உடலின் பக்கவாட்டிலும் தாடையிலும் நீரதிர்வை உணரும் உறுப்புகள் அதற்கு உண்டு. தாடையின் அடிப்பக்கத்தில் வரிசையாகத் தெரியும் சிறு துளைகளும் அந்த அமைப்பைச் சேர்ந்தவைதான். அவற்றை எண்ணித்தான் அதன் உறவான பைக் மீனிலிருந்து மஸ்கியைப் பிரித்தறிகிறார்கள், ஒரு பக்கத்தில் பைக்குக்குப் பெரும்பாலும் ஐந்து, மஸ்கிக்கு ஆறு முதல் ஒன்பது. 2001இல் வெளியான ஓர் ஆய்வு இங்கே உதவுகிறது. ஆய்வகத் தொட்டியில் பார்வை இழந்த மஸ்கி, இரையைத் தொலைவிலிருந்து மெல்ல அணுகிப் பதுங்குவதை விட்டுவிட்டது. இரை தானாகவே மிக அருகில் வந்தபோது மட்டும், நீரதிர்வைக் கொண்டு பாய்ந்து பிடித்தது. தொட்டியில் கண்டதை ஏரிக்கு அப்படியே நீட்டிவிட முடியாது. என்றாலும் கலங்கலில் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அது தெளிவான வழி காட்டுகிறது: மீன் லூரைத் தேடி வராது, லூர்தான் மீனின் முகத்தருகே போக வேண்டும். ஆகவே தெளிந்த நீரில் அகலமாக வீசித் தேடும் நீங்கள், கலங்கிய நாளில் மூழ்கிய சில மரக்கட்டைகளையும் ஓரிரு முனைகளையும் மட்டும் தேர்ந்துகொண்டு, ஒரே கட்டையைப் பல கோணங்களிலிருந்து, மெதுவாக, நீரை நன்றாக அதிரவைக்கும் லூரால் தொட்டுத் தொட்டு வீச வேண்டும். லூரை நீரில் தொங்கவிட்டுப் பார்த்து, ஓரடி ஆழத்துக்குள்ளேயே அது மறைந்துவிட்டால், நான் அந்தக் கிளையை விட்டு வேறு கிளைக்குப் போய்விடுவேன்.

இரையைப் பற்றி ஒரு சொல். இந்த ஏரியில் மஸ்கியின் பெரிய உணவு கிசர்ட் ஷாட். அது மிதவை நுண்ணுயிர்களையும் அடிமண்டியையும் தின்று வளரும் மீன்; ஆறு கொண்டுவரும் ஊட்டத்தால் ஏரியின் மேற்பகுதியிலும் ஓடைக் கிளைகளிலும் அது திரளாகச் சேர்கிறது. வளர்ந்த ஷாட் ஓரடி நீளத்தை எட்டும் என்பதால், பெரிய மஸ்கிக்கு அது ஒரு வேளைச் சாப்பாடு. ஷாட் திரள் கரையில் இல்லாமல் நடுநீரில் மிதக்கும் காலங்களில் மஸ்கியும் கரையை விட்டு நடுநீரில், எந்த மரத்தையும் பிடிக்காமல், திரளின் அடியில் நிற்கிறது. கரையை மட்டுமே நம்பும் பாஸ் பழக்கம் இங்கேதான் காலை வாரிவிடுகிறது. நடுநீர் மீனைத் திரையில் பார்த்துக் குறிவைக்கும் முன்னோக்குச் சோனார் இப்போது பரவிவருகிறது. அது வேட்டையின் அறத்துக்குப் பொருந்துமா என்ற சண்டையில் நான் இறங்க விரும்பவில்லை. சாதாரணச் சோனாரில் திரளைக் கண்டால்கூட அதன் விளிம்பில் வீசுவதற்குப் போதும்.

இலையுதிர்காலத்தில் ஏரி குளிர்ந்து, மேலடுக்கும் அடியடுக்கும் கலக்கும் நாட்கள் வரும். அடியில் அடைந்திருந்த ஆக்சிஜனற்ற நீர் மேலே கலப்பதால் சில இடங்களில் முட்டை நாற்றமும், பழுப்புக் கலந்த பசுமையும் தெரியும். மழையே இல்லாமல் ஏரி கலங்குவது போலத் தோன்றும் இந்நாட்களை ஆற்றுக் கலங்கலோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. கலப்பு ஏரி முழுவதும் ஒரே நாளில் நடப்பதில்லை. ஆழமற்ற கிளைகள் முன்னதாகவும் அணைப் பக்கத்து ஆழ்நீர் பின்னதாகவும் கலக்கும் என்பதால், கலந்து தெளிந்துவிட்ட மேற்கிளைகளுக்குப் போவது நல்லது. இதே பருவத்தில் மட்டத்தையும் இறக்குகிறார்கள். ஏரி ஒரே சீராக இறங்கிக்கொண்டிருக்கும்போது, ஆழமற்ற மேடுகளில் இருந்த ஷாட் திரள் கிளை வாயில்களுக்கும், பழைய ஓடைப் படுகையின் விளிம்புகளுக்கும் வெளியேறுகிறது. மஸ்கி அந்த வழியில் காத்திருக்கிறது. பெரிய மீன் வேண்டுமென்றால் அக்டோபர் பிற்பகுதியும் நவம்பரும்தான் என் தேர்வு. படகோட்டுபவருக்கு ஓர் எச்சரிக்கை: கோடையில் நீங்கள் கவலையின்றிக் கடந்த மரக்கட்டைகள் அப்போது நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே நிற்கும். கிளைகளுக்குள் மோட்டாரை மெதுவாகவே ஓட்டுங்கள்.

லூர் பற்றிய கேள்விக்கு இப்போது சுருக்கமாகப் பதில் சொல்லலாம். உங்கள் பட்டியலில் உள்ள பாதியை நீக்கிவிடுங்கள். கம்பியில் சுழலும் பெரிய இரட்டைத் தகடும் முடிக்குஞ்சமும் கொண்ட பக்டெயில் ஒன்று, மரக்கட்டைகளில் முட்டிக்கொண்டே மெதுவாக இழுத்துவரக்கூடிய முன்னால் அகன்ற உதடு போன்ற தகடுள்ள மீன் வடிவக் கிராங்க்பெயிட் ஒன்று, குளிர்ந்த நீரில் நிறுத்தி நிறுத்தி இழுக்கும் பெரிய ரப்பர் மீனோ பக்கவாட்டில் சறுக்கும் கிளைடரோ ஒன்று. முதல் ஆண்டுக்கு இவை போதும். நிறம் பற்றி நூறு கருத்துகள் உண்டு. கலங்கலில் கறுப்பு, ஆரஞ்சு போன்ற அழுத்தமான நிறம், தெளிவில் ஷாட்டைப் போன்ற வெள்ளி என்பதற்கு மேல் எதையும் நான் பொருட்படுத்துவதில்லை. மிச்சமாகும் பணத்தைத் தூண்டில் கோலிலும் நூலிலும் போடுங்கள், ஏனென்றால் பாஸ் கோலால் மஸ்கி பிடிப்பது மீனுக்கு இழைக்கும் கொடுமை. எட்டடிக்குக் குறையாத கோல், 80 பவுண்டு அல்லது அதற்கு மேல் தாங்கும் பின்னல் நூல், மீனின் பல்லுக்கு அறுபடாத எஃகுக் கம்பியோ 100 பவுண்டுக்கு மேற்பட்ட தடித்த ஃப்ளோரோகார்பன் இழையோ கொண்ட லீடர் (நூலுக்கும் லூருக்கும் நடுவில் கட்டும் துண்டு) ஆகியவை கட்டாயம்.

ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் கோல் நுனியை நீருக்குள் அமிழ்த்தி, லூரைப் படகோரத்தில் அகன்ற எட்டு வடிவில் சுற்ற வேண்டும். மஸ்கி லூரைப் படகுவரை பின்தொடர்ந்து வந்து, திரும்பும் வளைவில் கடிப்பது மிகச் சாதாரணம். தெளிந்த நீரில் மீன் வருவது கண்ணுக்குத் தெரியும் என்பதால் பலர் மீனைக் கண்டால் மட்டுமே சுற்றுகிறார்கள். கலங்கிய ஏரியில் அது செல்லாது. பின்னால் மீன் வந்ததா என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. அதனால் வெறும் நீர் என்று தோன்றினாலும் இரண்டு சுற்றாவது சுற்றிவிட்டே லூரை எடுங்கள். ஒன்றும் அகப்படவில்லை என்று நீங்கள் எழுதியிருக்கும் நாட்களில் சிலவற்றில் மீன் உங்கள் படகுக்கு அடியிலேயே வந்து போயிருந்தால் நான் வியப்படைய மாட்டேன்.

நிலா பற்றிக் கேட்காமலேயே யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். மஸ்கி பிடிப்பவர்களில் பெரும்பாலோர் பௌர்ணமியையும் அமாவாசையையும் கணக்கில் வைக்கிறார்கள். இதை வெறும் நம்பிக்கை என்று தள்ளவும் முடியாது: 1966இல் தொடங்கப்பட்ட மஸ்கீஸ் இங்க் என்ற அமைப்பின் உறுப்பினர்கள் பல பத்தாண்டுகளாகப் பதிந்துவந்த மூன்று லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மீன்களின் குறிப்புகளை ஆராய்ந்து 2014இல் வெளியான கட்டுரை, நிலாவின் தாக்கம் உண்டு என்றே காட்டியது. ஆனால் அதன் அளவு பிடிப்பில் ஏறத்தாழ 5 சதவீதம்தான்; அதுவும் வடக்கு அட்சரேகைகளில் அதிகமாகவும் தெற்கில் குறைவாகவும் தெரிந்தது. அந்தக் குறிப்புகளில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பௌர்ணமியை நம்புபவர்கள் பௌர்ணமியன்று அதிக நேரம் வீசினால் மீனும் அதிகமாகவே பதிவாகும். அதை முழுதாகப் பிரித்தெடுப்பது கடினம். விடுப்பு எடுக்கும் நாளை நிலாவுக்காக மாற்றாதீர்கள், ஆற்றுக்காக மாற்றுங்கள். காற்றழுத்தம் பற்றிய பேச்சுக்கு நிலாவுக்கு இருக்கும் அளவு சான்றுகூட என் கண்ணில் பட்டதில்லை. அழுத்தம் இறங்கும்போது வானம் மூடுகிறது, காற்று எழுகிறது, ஒளி குறைகிறது; மீன் எதற்காகக் கடித்தது என்று யார் பிரித்துச் சொல்வது?

வெப்பத்தைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மேல்நீர் 80 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது ஏறத்தாழ 27 டிகிரி செல்சியஸை, எட்டிவிட்டால் மஸ்கிக்கு வீசுவதை நிறுத்திவிடுங்கள். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு. போராடிக் களைத்த பெரிய மீன் அந்த நீரில் மீள்வது அரிது. விட்டதும் வாலை அடித்துக்கொண்டு போய்விட்டதே என்று நாம் மகிழ்வோம். அது பின்னர் சாகக்கூடும், நமக்குத் தெரியாது. 80 என்பது அந்த எண்ணில் திடீரென ஏதோ மாறிவிடுகிறது என்பதால் வந்த வரம்பன்று, பிடிப்பவர்கள் தங்களுக்குள் ஏற்றுக்கொண்ட எல்லை. ஆனால் அதன் பின்னுள்ள காரணம் திடமானது. கேவ் ரன்னில் ஜூலையும் ஆகஸ்டும் இதனால் பெரும்பாலும் கழிந்துவிடும். மற்ற நாட்களில், பிடித்த மீனைப் படகுக்குள் தூக்காமல், ரப்பர் பூசிய பெரிய கைவலையில் நீருக்குள்ளேயே வைத்து, நீண்ட இடுக்கியால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். கழலாத முள்ளை வெட்டுவதற்குப் போல்ட் கட்டர் கையருகே இருக்கட்டும். படம் எடுக்க வேண்டுமென்றால் கேமரா தயாரான பின் தூக்கி, வயிற்றின் கீழ் ஒரு கையைத் தாங்கலாகக் கொடுத்து, சில விநாடிகளில் நீருக்குத் திருப்புங்கள். சட்டப்படி 36 அங்குலத்துக்குக் குறைந்த மஸ்கியைக் கேவ் ரன்னில் வைத்துக்கொள்ள முடியாது, நாளுக்கு ஒன்றுக்கு மேலும் கூடாது. நடைமுறையில் இங்கே மஸ்கி பிடிப்பவர்கள் அநேகமாக எல்லா மீனையும் விட்டுவிடுகிறார்கள். கென்டக்கியின் மீன்பிடி உரிமம் மார்ச் 1இலிருந்து பிப்ரவரி இறுதி வரை செல்லும். புதிய ஆண்டின் விதிப் புத்தகத்தை மாநில மீன்வளத் துறையின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள், அளவு விதிகள் மாறக்கூடியவை.

கடைசிக் கேள்வி, அணைக்குக் கீழே. தாராளமாகப் பிடிக்கலாம். நீர்த்தேக்கங்களிலிருந்து மஸ்கி மதகு வழியாகவும் வழிந்தோடி வழியாகவும் கீழே போய்விடுவது பல மாநிலங்களில் பதிவாகியிருக்கிறது. கீழே இறங்கிய மீன் மேலே திரும்ப வழியில்லாமல் அணையடி நீரிலும் அதற்குக் கீழுள்ள ஆற்று மடுக்களிலும் தங்கிவிடுகிறது. அதிக நீர் திறந்துவிட்ட சில நாட்களுக்குப் பின், வெளியேற்றம் குறைந்து நீர் சற்றுத் தெளிந்ததும் போவதே நல்லது. ஓட்டத்துக்கும் தேங்குநீருக்கும் நடுவிலுள்ள சுழல் விளிம்பில், ஓட்டத்தோடு லூரை மிதக்கவிட்டு, ஓட்டத்துக்குக் குறுக்கே இழுத்து வாருங்கள். கரையிலிருந்து பெரிய மீனைக் கையாள இன்னொருவர் உடன் இருப்பது நல்லது, நீண்ட பிடியுள்ள கைவலையும் வேண்டும். வெளியேற்றத்தின் அளவு நீங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே கூட்டப்படலாம் என்பதால், பாறைகளில் இறங்கி நிற்காமல் கரையின் மேலிருந்தே வீசுங்கள். நீர் குளிர்ந்திருக்கும் மாதங்களில் கரையில் நின்றாலும் மிதவை அங்கி போட்டுக்கொள்ளுங்கள்.